துபாய்ச் சட்டமும் எங்கள் வீட்டுக் கிரில் சாவியும்

2025 ஜூன் 16, இரவு 9:40

வாசகர் ஒருவர் கேட்டது இது: “துபாய் மரினாவில் வெள்ளிக்கிழமை ராத்திரி 67 மாடிக் கட்டடம் எரிந்தது. 3,820 பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், ஒருவருக்கும் காயமில்லை. பாலைவன வெயில், அதனால்தான் அங்கே அடிக்கடி தீ. ஆனால் சட்டம் கடுமை, வீட்டுக்கு வீடு புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நம்ம நாட்டில் ஏன் இல்லை? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.”

நான் இருந்தேன். 2013 முதல் 2016 வரை கட்டடப் பராமரிப்பில் வயர்மேன். அதற்கு முன்னும் பின்னும் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைதான். (2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் நாக்கு இன்னும் மாறவில்லை.)

வெயில் எதையும் பற்றவைக்காது. ஆகஸ்டில் அங்கே நிழலிலேயே 45 டிகிரி இருக்கும், சரி. ஆனால் ஒரு தாள் தானாகப் பற்ற 200 டிகிரிக்கு மேல் வேண்டும். வெயில் செய்கிற வேலை வேறு. ஏர்கோனை 24 மணி நேரமும் ஓடவைக்கும். ஓட ஓட வயர் சூடாகும், திருகு தளரும், தளர்ந்த இடம் கருகும். நான் மாற்றிய கருகிய ஸ்விட்ச்களை மூட்டை கட்டினால் இரண்டு மூட்டை தேறும்.

உயரக் கட்டடம் மளமளவென்று எரிவதற்குக் காரணம் அதற்குப் போட்ட சட்டை, அதாவது வெளிச்சுவர்த் தகடு. இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். ரொட்டிக்கு நடுவில் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவியதுபோல. 2012 நவம்பரில் தம்வீல் கோபுரம் எரிந்ததற்குக் குப்பையில் விழுந்த சிகரெட் துண்டைக் காரணமாகச் சொன்னார்கள். 2015 டிசம்பர் 31 அன்று அட்ரஸ் ஹோட்டல் எரிந்தது 14ஆவது, 15ஆவது மாடிகளுக்கு நடுவில் இருந்த ஒரு விளக்கின் வயரால். பொறி சின்னது. அதை மேலே மேலே ஏற்றிவிட்டது அந்தப் பிளாஸ்டிக்.

2025 ஜூன் 16, இரவு 10:15

விட்டுப்போனது: வெள்ளிக்கிழமை எரிந்த அதே கட்டடம் 2015 மே மாதமும் எரிந்தது. அப்போது 47ஆவது மாடியில் ஒரு சமையலறை. அதே பகுதியில் டார்ச் டவர் 2015 பிப்ரவரியில் ஒரு முறை, 2017 ஆகஸ்டில் இன்னொரு முறை. பெயரே தீப்பந்தம். பெயர் வைத்தவரைத் தேடிப் பிடித்து ஒரு கேள்வி கேட்கவேண்டும்.

2025 ஜூன் 18

“வீட்டுக்கு வீடு கட்டாயம்” என்று எழுதியவருக்கு. பாதி சரி. ஹசன்துக் என்று ஒரு ஏற்பாடு உண்டு, உள்துறை அமைச்சகத்துடையது. தனி வீடுகளுக்கு, அதாவது அவர்கள் வில்லா என்று சொல்வதற்கு, கட்டாயம். அறைகளில் புகை உணர்கருவி, சமையலறையில் சூடு உணர்கருவி. (சமையலறையில் புகைக் கருவி வைத்தால் தினம் தாளிக்கும்போது அலறும். நம்ம ஆட்கள் மூன்றாம் நாளே பிடுங்கிவிடுவார்கள்.) மணி அடித்தால் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் போகும், அங்கிருந்து வீட்டுக்காரருக்கு அழைப்பு வரும், தீதான் என்றால் சிவில் டிஃபென்ஸ் புறப்படும். சிவில் டிஃபென்ஸ் என்பது அவர்கள் ஊர் பொம்பா, அதாவது தீயணைப்புப் படை. அவசர எண் 997. நமக்கு 999.

அடுக்குமாடிக்கு வேறு கணக்கு. அமீரகத்துக்கு முழுவதுமான தீப் பாதுகாப்பு விதிநூல் 2011இல் வந்தது. வெளிச்சுவர்த் தகடு பற்றி 2012இல் இறுக்கினார்கள், 2017இல் மொத்தத்தையும் புதுப்பித்தார்கள். உயரத்தை வைத்து வகை பிரிப்பார்கள். 15 மீட்டருக்கு மேல் போனால் உயரக் கட்டடம். எல்லா மாடியிலும் ஸ்பிரிங்க்ளர், புகை புகாத படிக்கட்டு, எல்லாம் வந்துவிடும்.

2025 ஜூன் 19

மேலே எழுதியது தப்பு. 15 முதல் 23 மீட்டர் வரை நடுத்தரம். 23க்கு மேல்தான் உயரக் கட்டடம், 90க்கு மேல் அதிஉயரம். 23 என்பது வண்டி ஏணி எட்டுகிற உயரத்தை மனதில் வைத்த அளவு. அங்கே மூன்று வருடம் இதையே மனப்பாடம் செய்தவன், இப்போது 15க்கும் 23க்கும் குழம்புகிறேன். வயது.

2025 ஜூன் 22

“ஏப்ரல் 1 நம்ம புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்ததே, அதற்கு உங்கள் புகைக் கருவி என்ன செய்யும்” என்று ஒருவர் சீண்டியிருக்கிறார். ஒன்றும் செய்யாது. அது வேறு கதை, அதை இங்கே இழுக்கவேண்டாம். நான் பேசுவது சமையலறைத் தீ, வயர்த் தீ, சாமி விளக்குத் தீ.

அந்த 2015 டிசம்பர் 31 பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் சத்வாவில் ஒரு பழைய கட்டடத்து மொட்டை மாடியில், கையில் டீயோடு, வாணவேடிக்கைக்காக நின்றிருந்தேன். ஒன்பதரை இருக்கும். புர்ஜ் கலீஃபா பக்கத்தில் ஒரு கோடு சிவப்பாக ஏறியது. வேடிக்கையை முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். பக்கத்தில் நின்ற பாகிஸ்தானிப் பையன் கைதட்டவும் செய்தான். அப்புறம்தான் புகை. அதைவிட விசித்திரம், 12 மணிக்கு வாணவேடிக்கை நடந்தது. ஒரு பக்கம் கட்டடம் புகைய, மறு பக்கம் வெடி. யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

மறுநாள் எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியும் சுற்றச் சொன்னார்கள். படிக்கட்டுக் கதவு தீ தாங்கும் கதவு. தானாக மூடிக்கொள்ளவேண்டும், அதுதான் அதன் உயிர். ஒன்பது மாடியில் ஆறு மாடிக் கதவு திறந்தே கிடந்தது. ஒன்றுக்கு அரிசி மூட்டை முட்டுக் கொடுத்திருந்தது. இன்னொன்றில் ஷூ ரேக். ஏழாவது மாடியில் ஒரு பெரியம்மா, நான் முட்டுக் கட்டையை எடுக்க எடுக்கத் திரும்ப வைத்தார். காற்று வரணுமாம். மூடிய கதவுதான் புகையை நிறுத்தும் என்று அவருக்குச் சொல்ல எனக்கு மலையாளம் போதவில்லை.

ஆகவே சட்டம் கடுமை என்பது உண்மை. அரிசி மூட்டை அதைவிடக் கடுமை.

2025 ஜூன் 28

துபாய் நகராட்சி இந்த மாதம் தடுப்பு அறைகளை, அதாவது ஒரே வீட்டைத் தடுப்பு வைத்துப் பல பங்காக்கி வாடகைக்கு விடுவதை, பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில். சத்வா என்று படித்ததும் என் கட்டில் ஞாபகம் வந்தது.

இரண்டு அறை வீடு. அதை பலகையும் ஜிப்சம் அட்டையும் வைத்து ஏழாகப் பிரித்திருந்தார் வாடகைக்கு எடுத்தவர். நான் இருந்தது கூடத்தின் நாலில் ஒன்று. சன்னல் என் பங்கில் வரவில்லை, அது பக்கத்துக் கட்டில்காரருக்கு. தடுப்பு கூரை வரை போகாது, மேலே ஒரு முழம் இடைவெளி. ஒரே ஏர்கோன் எல்லோருக்கும் காற்று தரவேண்டுமே. வெளியே போகும் கதவுக்கு இரண்டு முறை திரும்பவேண்டும், இடையில் இரண்டு செருப்புக் குவியல், ஒரு மின் அடுப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அடுப்பில் இடித்துக்கொண்டேன். அதே கட்டடத்துக்குத் தீ விதி பார்க்கிற வயர்மேன் நான்தான் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வாடகை குறைவு, வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் அவ்வளவுதான்.

2023 ஏப்ரல் 15, துபாயின் தேரா அல் ராஸ் பகுதி. நான்காவது மாடியில் தீ, 16 பேர் போனார்கள். இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள், அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்தவர்கள். கட்டடப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னார்கள். கோபுரங்கள் எரிந்தபோது உலகம் முழுக்கப் படம் வந்தது, செத்தது மிகக் குறைவு. அல் ராஸ் கட்டடத்தை எத்தனை பேர் படத்தில் பார்த்தீர்கள்?

2025 ஜூன் 28, சற்று நேரம் கழித்து

குவைத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 12, மங்காஃப். தொழிலாளர் தங்கிய கட்டடம், விடியுமுன் தீ. ஆரம்பித்தது தரைத்தளத்தில், காவலாளி அறையில். புகை படிக்கட்டு வழியே ஏறியது. உள்ளே தடுப்புகள். மொட்டை மாடிக்கு ஓடியவர்களுக்குக் கதவு பூட்டியிருந்தது. இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழ்நாடு.

பூட்டு. இதற்குத் திரும்ப வருகிறேன்.

2025 ஜூலை 3

அந்த ஒரு முழ இடைவெளி பற்றி எழுதியதும் என் தங்கை போன் செய்தாள். “அண்ணே, நம்ம லயமும் அப்படித்தானே இருந்துச்சு?”

அட, ஆமாம். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே வரிசையில் பத்து வீடு. வீட்டுக்கு வீடு தடுப்புப் பலகை இருக்கும், ஆனால் கூரையைத் தொடாது. மூன்றாம் வீட்டில் புருசன் பெண்டாட்டி சண்டை போட்டால் ஏழாம் வீட்டில் தீர்ப்புச் சொல்வார்கள். கருவாடு பொரித்தால் வரிசைக்கே வாசம்.

எனக்கு ஏழு வயது, 1971. கோடி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்தது. தீ சுவரைத் துளைத்து வரவில்லை, தடுப்புக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக வந்தது. கூரைக்கடியில் ஓடியது, எலி ஓடுவதுபோல. கங்காணி ஓடிப்போய்ப் பெரட்டு மணியை, வேலைக்கு ஆள் கூட்டும் மணியை, அடித்தார். விடிகாலை நாலரைக்கு அடிக்கவேண்டிய மணி ராத்திரி ஒன்பதுக்கு அடித்ததால் பாதிப் பேர் குழம்பிப்போய் ரப்பர் மரம் சீவும் பால்கத்தியோடு வெளியே வந்தார்கள். இது ஜோக் இல்லை, நடந்தது. பத்து வீடும் போய்விட்டது. அம்மாவின் தையல் மெஷின் போய்விட்டது. என் பள்ளிப் பை போனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. இதை அப்பா சாகும்வரை சொல்வார். ஏன் போகவில்லை என்று எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது. பலகைச் சன்னல், உள்ளே ஒரு மரக்கட்டைத் தாழ்ப்பாள். தள்ளினால் திறக்கும். எங்களை அப்பா சன்னல் வழியாகத்தான் ஒவ்வொருவராக வெளியே போட்டார். கிரில் கிடையாது, பூட்டு கிடையாது. திருடுவதற்கு வீட்டில் என்ன இருந்தது?

2025 ஜூலை 5

கிள்ளானிலிருந்து ஒரு கட்டடக்காரர் என்னைத் திருத்தியிருக்கிறார். துபாய்க்கு ஏன் போகிறீர்கள், நம் 1984 சீரான கட்டடத் துணைச்சட்டத்திலேயே அது இருக்கிறது என்கிறார். இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவர் 200 மில்லிமீட்டர் தடிப்பு, கூரைக்கு மேலே 225 மில்லிமீட்டர் நீட்டவேண்டும் என்பது அதன் மூல வாசகமாம்.

225 மில்லிமீட்டர் என்றால் ஒரு சாண். வெளியே போய் எங்கள் தாமான் (குடியிருப்பு) வரிசை வீட்டுக் கூரையைப் பார்த்தேன். 22 வருடமாக இங்கே இருக்கிறேன், ஓட்டுக்கு மேல் எட்டிப்பார்க்கும் அந்தச் சுவரை மழை ஒழுகாமல் இருக்கக் கட்டியது என்றே நினைத்திருந்தேன். லயத்தை எரித்த இடைவெளியை அடைக்கிற சாண் அது. தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “இதுக்கு எதுக்குண்ணே அழற ஸ்டிக்கர்?” என்று கேட்டாள்.

அவரே இன்னொன்றும் சொன்னார். தொழிலாளர் குடியிருப்புக்கு என்று 1990இல் வந்த 446ஆவது சட்டம் முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும்தான். 2019 திருத்தம்தான் அதை மற்றத் தொழிலுக்கும் விரித்து, 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. விடுதி மாதிரி இடத்தில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் படுக்கும் இடம். என் சத்வா பங்கை மனதில் அளந்து பார்த்தேன். கட்டிலும் பெட்டியும் போக நிற்க இடமில்லை, 3 தேறாது.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்த வட்டாரத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில், 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். முதல் பனைக்குப் பலகை வைத்துப் பெருமைப்படுகிறோம். பனையை நட்டவர்கள் படுத்த இடம் எத்தனை சதுர அடி என்று எந்தப் பலகையும் சொல்லாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜூலை 19

பூட்டு.

2017 செப்டம்பர் 14, கோலாலம்பூர் கெராமாட்டில் தாஃபிஸ் (குர்ஆன் மனப்பாடம் செய்யும்) விடுதிப் பள்ளியில் தீ. 23 பேர் போனார்கள், பெரும்பாலும் பையன்கள். வெளியே வரும் வழியில் தீ, சன்னலில் கிரில். அன்று தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நானும் அழுதேன், நீங்களும் அழுதிருப்பீர்கள். அந்த வாரமே எங்கள் வீட்டுப் பின்கதவு கிரிலுக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டேன். பக்கத்துத் தெருவில் திருட்டு. இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை, அதுதான் வெட்கம்.

இப்போது எண்ணிப் பார்த்தேன். முன் கிரில் ஒரு பூட்டு, பின் கிரில் இரண்டு, மாடி பால்கனி ஒன்று. சன்னல் கிரில் ஒன்பது, எல்லாம் வெல்டிங் செய்தது, ஒன்றுகூடத் திறக்காது. போட்டவர் நல்ல வேலைக்காரர், யானை வந்தாலும் அசைக்கமுடியாது. சாவிகள் எங்கே? முன் சாவி என் கார் சாவியோடு. பின் சாவி ஒன்று மைலோ டின்னில். இன்னொன்று மனைவிக்குத்தான் தெரியும். பால்கனிச் சாவியைத் தேட நாற்பது நிமிடம் ஆனது, சாமி மேடையில் விபூதித் தட்டுக்கு அடியில் இருந்தது. சாமி காப்பாற்றும் என்று யாரோ உண்மையாகவே நம்பியிருக்கிறார்கள்.

பலகை லயம் அரை மணியில் எரிந்தது, எல்லோரும் பிழைத்தோம். இந்தச் செங்கல் வீடு அவ்வளவு லேசில் எரியாது. ஆனால் சோபா ஒன்று எரிந்தாலே போதும், அந்தப் புகையோடு நாங்கள் உள்ளே இருப்போம்.

2025 ஜூலை 20

“கிரிலை எடுத்துவிட்டால் திருடன் வருவானே, நீங்கள் வந்து காவல் இருப்பீர்களா?” நியாயமான கேள்வி. எடுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு படுக்கை அறையிலும் ஒரு சன்னல் கிரிலாவது கீல் வைத்து உள்ளிருந்து திறக்கிறமாதிரி மாற்றலாம். கேட்டுப் பார்த்தேன், ஒரு சன்னலுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார் எங்கள் ஊர் வெல்டிங்காரர். மூன்றுக்கு 500 என்று பேசி முடித்தேன்.

2025 ஆகஸ்ட் 2

மூன்று கிரிலும் மாற்றியாயிற்று. புகைக் கருவியும் இரண்டு வாங்கினேன், பேட்டரி வகை. ஒன்று மாடிப்படிக்கு மேல், ஒன்று கூடத்தில். முதல் வெள்ளிக்கிழமையே மனைவி சாம்பிராணி போட்டதும் கத்தியது. துபாய்ப் பெரியம்மா சாபம்.

வயர்மேனாக ஒன்று சொல்லவேண்டும், எழுத மறந்துகொண்டே இருக்கிறேன். அங்கேயும் இங்கேயும் பிளக் ஒன்றுதான், வெள்ளைக்காரன் விட்டுப்போன மூன்று முனை. உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸ். அதாவது ஒரு எக்ஸ்டென்ஷனில் மொத்தம் சுமார் 3,000 வாட் தாங்கும். கெட்டில் மட்டுமே 2,000. கூடவே இஸ்திரிப் பெட்டி போட்டால் முடிந்தது. ஃபியூஸ் போகும், போகவேண்டும். எங்கள் ஊரில் ஒரு கடையில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று கூப்பிட்டார்கள். திறந்தால் ஃபியூஸ் இல்லை, சிகரெட் டப்பாவின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இனிமேல் போகாது, உண்மைதான். கடைதான் போகும்.

2025 அக்டோபர் 12

இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. தீபாவளிக்கு எட்டு நாள், முறுக்கு சுடும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

போன வருடம் என் மச்சினி வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. அவர் மகன், படித்த பையன், ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினான். தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி எண்ணெயை மேலே தூக்கி எறியும். தீ கூரைக்குப் போனது. அவன் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. செய்யவேண்டியது: கேஸை அணை, பெரிய மூடியைச் சட்டிமேல் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடு, ஆறும்வரை திறந்து பார்க்காதே. திறந்து பார்க்கத்தான் கை துடிக்கும்.

தீயணைப்பான் வைத்திருப்பவர்கள் அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். என்னுடையது 2019இலேயே காலாவதி. முள் பச்சையில்தான் நிற்கிறது, அதை நம்பி விட்டுவிட்டேன். புதிது வாங்கினேன், பவுடர் வகை. அதை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். அடுப்பு எரியும்போது அங்கே யார் போய் எடுப்பது? நான் சமையலறை வாசலுக்கு வெளியே மாட்டினேன்.

2025 அக்டோபர் 14

நேற்று இரவு ஒரு ஒத்திகை. பேச்சு மட்டும் போதாது என்று மகன்தான் வற்புறுத்தினான். பதினொரு மணிக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, புகைக் கருவியின் பட்டனை அமுக்கினான். எல்லோரும் பின்வாசல் வழியே வெளியே வரவேண்டும். மருமகள் பேரனைத் தூக்கிக்கொண்டு 50 வினாடி. மனைவி ஒரு நிமிடம் பத்து வினாடி, அதில் பாதி கைலியைச் சரிசெய்ய. நான்தான் கடைசி. இருட்டில் கை தானாக மைலோ டின்னுக்குப் போய்விட்டது. சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியதே நான்தான்.

2025 அக்டோபர் 15

பேரனுக்கு ஆறு வயது, ஆணி அவனுக்கு எட்டவில்லை. அவன் தனியாக அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால்? இரண்டு அடி கீழே இறக்கி அடித்தேன். இப்போது எட்டுகிறது. நாலு முறை எடுத்துத் திறந்து காட்டினான், ஐந்தாவது முறை கைதட்டினோம்.

2025 அக்டோபர் 15, மாலை

ஆணியில் சாவி இல்லை. அவனைக் கேட்டால் சிரிக்கிறான். தேடிக்கொண்டிருக்கிறோம்.

2025 அக்டோபர் 15, இரவு 8:20

கிடைத்தது. என் ஷூவுக்குள். ஹார்ட்வேர் கடைக்குப் போய் இன்னும் இரண்டு சாவி வெட்டிக்கொண்டு வந்தேன், ஆறு வெள்ளி.